மூன்றாவது எட்டு மணி நேரம்



நம் மூலனூர்ப் பக்கம் பாடத் தெரிந்தவர்கள் உண்டு. படம் வரையத் தெரிந்தவர்கள் உண்டு. நோட்டுப் புத்தகம் நிறையக் கவிதை எழுதிப் பெட்டியடியில் வைத்துவிட்டவர்கள் உண்டு. "ஏன் விட்டுட்டீங்க?" என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான் வருகிறது: "நேரம் எங்கீங்க இருக்குது?"

அது சாக்கு இல்லை, நிஜம். விடியக்காலையில் கம்பெனி வண்டி ஏறும் பெண், ஒன்றரை ஷிப்ட் ஓட்டிவிட்டு வீடு வந்து சேரும்போது ராத்திரி மணி பத்தாகிறது. அவரிடம் போய் மனமிருந்தால் மார்க்கமுண்டு என்று உபதேசம் செய்ய நான் தயாரில்லை. நேரம் தானாகக் கிடைப்பதில்லை. கேட்டு வாங்க வேண்டும், வாங்கியதைக் காவல் காக்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

கேட்டு வாங்கிய வரலாறு நமக்கு இருக்கிறது. எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் உறக்கம், மீதி எட்டு மணி நேரம் மனத்துக்குப் பிடித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகத் தொழிலாளர்கள் எழுப்பிய கோரிக்கை இது. இந்தியாவின் முதல் மே தினத்தைத் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் 1923-ல் சென்னைக் கடற்கரையில் கொண்டாடினார். நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948-ல், தொழிற்சாலைகள் சட்டம் வந்தது. வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை என்று வரம்பு கட்டியது. 2023 ஏப்ரலில் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வேலை வாங்க வழிவிடும் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றன. அது திரும்பப் பெறப்படும் என்று முதலமைச்சர் அறிவித்த நாள் மே 1. சிங்காரவேலர் கொடியேற்றிச் சரியாக நூறாண்டு!

இத்தனை பேர் போராடி மீட்ட அந்த மூன்றாவது எட்டு மணி நேரத்தை நாம் என்ன செய்கிறோம்? பாதியைக் கூடுதல் ஷிப்ட் எடுத்துக்கொள்கிறது. பாதியைக் கைப்பேசி விழுங்கிவிடுகிறது.

பாட்டுக்கும் கவிதைக்கும் அந்த நேரத்தைக் கொடுங்கள் என்றால், "அதுல என்னங்க வரும்படி?" என்று கேட்பார்கள். பனியன் கம்பெனியில் தைப்பவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். ஒருவர் நாள் முழுக்கக் கை மட்டும் ஏற்றுவார். அடுத்தவர் கழுத்துப் பட்டி மட்டும் வைப்பார். இன்னொருவர் அடி மட்டும் மடித்து அடிப்பார். பிறகு செக்கிங், அயர்ன், பேக்கிங். ஆயிரம் சட்டை கப்பல் ஏறினாலும், "இந்தச் சட்டையை நான் தைத்தேன்" என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. தொழில் நடக்க அந்த முறை வேண்டும். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மனிதக் கைக்கு ஒரு பசி உண்டு. ஒன்றைத் தொடங்கி, வளர்த்து, முழுதாக முடித்து, இது நான் செய்தது என்று பார்க்கிற பசி. ஒரு கோலம், ஒரு பாட்டு, ஒரு கதை அந்தப் பசியை ஆற்றும். சம்பளத்தால் அது ஆறாது.

நேரத்தை எப்படிக் காவல் காப்பது? தொலைவில் தேட வேண்டாம். நம் கொங்கு நாட்டு வள்ளி கும்மியைப் பாருங்கள். பகலெல்லாம் காட்டிலும் கம்பெனியிலும் கடையிலும் உழைத்தவர்கள் சாயங்காலம் கோயில் திடலில் கூடுகிறார்கள். ஆசிரியர் நடுவில் நின்று பாடுகிறார். பாட்டியும் பேத்தியும் ஒரே வட்டத்தில் அடியெடுத்து வைக்கிறார்கள். வாரக்கணக்கில் பயிற்சி நடந்து, ஒரு நாள் ஊர் கூடி அரங்கேற்றம். ஒரு காலத்தில் ஆண்களே ஆடிய ஆட்டம் இது. பெண்களையும் வட்டத்துக்குள் அழைத்துவந்த கோவை மாவட்டத்துப் பத்திரப்பன் அய்யாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அவருக்கு அப்போது வயது 87.

அந்தத் திடலில் குறித்த நேரம் உண்டு, குறித்த இடம் உண்டு. ஒரு நாள் வராவிட்டால் "ஏன் கண்ணு நேத்து வரலை?" என்று கேட்க ஆள் உண்டு. அரங்கேற்றத் தேதியும் கண்முன்னே நிற்கிறது. தனியாளின் வைராக்கியம் மூன்று நாளில் தளர்ந்துவிடும். பத்துப் பேர் சேர்ந்து குறித்த நேரம் தளராது.

எழுத்துக்கும் நேரத்தைக் காவல் காக்கத்தான் வேண்டும். திருப்பூரில் வாழும் சுப்ரபாரதிமணியன் தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவர். அந்த வேலைக்கு நடுவே கதை எழுதினார், 'கனவு' இதழ் நடத்தினார். சாயக்கழிவில் நொய்யல் ஆறு செத்த கதையைச் 'சாயத்திரை' நாவலாக்கினார். சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2011-ல். நாவல் அதற்குப் பத்தாண்டுக்கும் முன்பே வந்துவிட்டது. அலுவலக நேரம் போக அவர் காத்து வைத்த நேரம், ஒரு ஆற்றுக்கே சாட்சி சொல்லியிருக்கிறது.

இப்போது ஆண்களிடம் ஒரு வார்த்தை. 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம். ஆண்களுக்கு 97 நிமிடம். அம்மணிகளின் பாட்டும் கோலமும் கவிதையும் அந்த வித்தியாசத்துக்குள்தான் புதைந்து கிடக்கின்றன. மனைவி கும்மிப் பயிற்சிக்குப் போகிற நாளில் அடுப்படியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். கலைக்கு நீங்கள் செய்யும் தொண்டு அதுவே.

கம்பெனி நடத்துகிற அய்யாமார்களே, பயிற்சி நடக்கும் வாரங்களில் விருப்பமில்லாதவர்களை ஒன்றரை ஷிப்டுக்கு நிறுத்தாதீர்கள். பெற்றோர்களே, பத்தாம் வகுப்பு வந்ததும் பிள்ளையின் தூரிகையைப் பிடுங்கி வைக்காதீர்கள். இளைஞர்களே, நன்றாக வந்தால்தான் செய்வேன் என்று காத்திருக்காதீர்கள். காலம் கடந்துவிட்டது என்றும் கைவிடாதீர்கள். கரிசல் காட்டு விவசாயி கி.ராஜநாராயணன் முப்பது வயதைத் தாண்டித்தான் எழுத்தாளராக அறியப்பட்டார். 1991-ல் சாகித்ய அகாதமி விருது அவரைத் தேடி வந்தது.

இந்தக் கூட்டத்தில் ஒரு முடிவெடுப்போம். வாரத்தில் ஒரு சாயங்காலம், ஒரே இடம், ஒரு மணி நேரம். எழுதுகிறவர் நோட்டோடு வரட்டும், வரைகிறவர் பென்சிலோடு வரட்டும், பாடுகிறவர் குரலோடு வந்தால் போதும். இடத்தையும் கிழமையையும் இன்றைக்கே பேசி முடிப்போம். வருகிற தைப் பொங்கலுக்குள் மூலனூர் மக்கள் செய்தவற்றை மூலனூர் மக்களே பார்க்கும்படி இதே மேடையில் வைப்போம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் கலையுமுன் மேடைக்கு வாருங்கள். என் பெயரை முதலில் எழுதிவிட்டேன்.