மாற்றம் வரட்டும், சொல்லிவிட்டு வரட்டும்!

(ஆம்பூரில் தோல், காலணித் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு மக்களுக்குத் தொழில் மாற்றம் புதிதல்ல. ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்ட காலம் போய், குரோமும் டிரம்மும் வந்தன. 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. தொழில் ஷூ பக்கம் திரும்பியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று பாலாற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்து, கழிவுநீரைச் சுத்திகரிக்காதவற்றை மூடச் சொன்னது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் நாட்டுப் பொருள்களுக்கு 50 சதவீதம் வரி போட்டபோது, ஷூவுக்கு அப்பர் தைக்கும் பெண்வரைக்கும் கவலை வந்து சேர்ந்தது.

ஆற்றைக் காக்கும் தீர்ப்பை நாம் குறை சொல்லவில்லை. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களும் நாம்தான். நம் கேள்வி வேறு: ஒவ்வொரு மாற்றத்திலும் கடைசியாகச் சேதி அறிபவர் ஏன் தொழிலாளியாகவே இருக்கிறார்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரியவர் பள்ளிவாசலில் என்னிடம் அழுதார். "ஹஜ்ரத், வேலை போனதுகூடப் பரவாயில்லை. கேட்டுல நின்னப்பத்தான் தெரிஞ்சுது. மூணு மாசம் முன்னாடி சொல்லியிருந்தா, மகள் நிக்காஹுக்கு அவ்வளவு கடன் வாங்கியிருக்க மாட்டேன்!"

சிந்தியுங்கள்! அவரை வீழ்த்தியது மாற்றமா? சொல்லாமல் வந்த மாற்றமா?

மக்காவின் வணிகர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மதீனாவுக்கு வந்தார்கள். அதுவோ பேரீச்சந்தோட்டங்களின் ஊர். நபி (ஸல்) அவர்கள் ஒவ்வொரு முஹாஜிரையும் ஓர் அன்ஸாரியோடு சகோதரராக இணைத்தார்கள். ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அதை ஏற்காமல், கடைத்தெரு எங்கே என்று மட்டும் கேட்டார். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று எழுந்து நின்றார். தருவதற்கு ஒருவர் இருந்தார். உழைப்பதற்கு ஒருவர் இருந்தார். இரண்டும் சேர்ந்ததுதான் இஸ்லாமியச் சமுதாயம்!

முதலாளிகளே! உங்களில் பலர் நம் ஜமாஅத்தார்கள். பள்ளிக்கும் மதரஸாவுக்கும் அள்ளித் தருகிறீர்கள். அல்லாஹ் கூலி தருவானாக! ஆனால் புதிய மிஷின் வரப்போகிறது, ஆர்டர் குறையப்போகிறது என்பதை உழைப்பவரிடம் முன்பே சொல்வதும் அமானிதமே. பழைய கைகளுக்குப் புதிய வேலையைக் கற்றுக்கொடுங்கள்.

இது சலுகையல்ல, சட்டம். ஊதியம், வேலை நேரம் போன்றவற்றை மாற்றுமுன் 21 நாள் அறிவிப்பு தரவேண்டும் என்று 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுச் சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21 அன்று நடப்புக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பிலும் அந்த விதி உண்டு. ஆட்குறைப்பில் நீக்கப்படுபவர் வேறு வேலை கற்க, 15 நாள் ஊதியத்தை 45 நாளுக்குள் அவர் கணக்கில் சேர்க்கவும் அது வழி செய்கிறது.

தொழிலாளத் தோழர்களே! சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. அட்டை மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். தாளில்லாதவன் உரிமை காற்றோடு போகும். ஒரு வேலை மட்டும் தெரிந்தவராக இருந்துவிடாதீர்கள். தைப்பவர் வெட்டவும், வெட்டுபவர் தரம் பார்க்கவும் பழகுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளே! ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடனாளியும் ஒருவர். வேலையிழந்து கடனில் தவிப்பவரை பைத்துல்மால் தேடிச் செல்லட்டும். பக்கத்து மிஷினில் தைக்கும் சகோதரி வேறு மதத்தவராக இருந்தாலும் அவர் உரிமைக்கும் நாமே குரல் கொடுப்போம். நீதிக்கு மத வேறுபாடு இல்லை.

இதைப் படிக்கும் சகோதரரே! உங்கள் தெருவில் இந்த மாதம் வேலையிழந்தவர் யார்? பெயர் தெரியாவிட்டால், இன்று அஸர் தொழுகைக்குப் பின் விசாரியுங்கள். வேலை அங்கிருந்து தொடங்கட்டும், இன்ஷா அல்லாஹ்!

வஸ்ஸலாம்.