இல்லாத கை ஏன் வலிக்கிறது?

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பயிற்சிச் சான்றிதழ் பெற்ற தோட்டப்பள்ளி ஆசிரியன் நான். நரம்புகள் எப்படி வேலை செய்கின்றன என்று பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்களே, அந்தப் படிப்பைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். "நமக்கும் அதுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

செம்பனை மட்டையை இழுக்கும்போது முள் குத்துகிறது. வலி தெரிவதற்கு முன்னே கை பின்னுக்கு வந்துவிடுகிறது அல்லவா? முள் குத்திய செய்தி முதுகுத்தண்டுக்குப் போகிறது. மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல் அங்கிருந்தே கைக்குக் கட்டளை வருகிறது. மூளைக்குத் தெரிந்த பிறகுதான் "ஐயோ" என்கிறோம்.

செய்தி நரம்பில் போகும் வேகத்தை ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1850இல் தவளையின் நரம்பை வைத்து அளந்தார். விநாடிக்கு ஏறக்குறைய 30 மீட்டர். அது மின்துடிப்பாக எப்படிப் போகிறது என்பதை, நாம் சோத்தோங் என்கிறோமே, அந்தக் கணவாயின் நரம்பில் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கண்டறிந்தார்கள். 1963இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

இனி நம்மவர் ஒருவரைச் சொல்கிறேன். வி.எஸ். இராமச்சந்திரன் 1951இல் தமிழ்நாட்டில் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தார். கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் பேராசிரியரானார்.

விபத்தில் கையை இழந்தவர்களில் சிலர், "இல்லாத கை வலிக்குது, விரல் மடங்கி நகம் குத்துது" என்பார்கள். ஊரில் இதைப் பிரமை என்போம், காத்துக் கருப்பு என்போம். இராமச்சந்திரன் அப்படித் தள்ளிவிடவில்லை. ஒருவரின் கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டார். இல்லாத விரலையும் தொட்டது போலிருக்கிறது என்றார் அவர். மூளையில் கைக்குரிய இடமும் முகத்துக்குரிய இடமும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். கை போன பிறகு, காலியான வீட்டுக்கு அடுத்த வீட்டுச் செய்தி வந்து சேர்கிறது என்று அவர் விளக்கினார்.

பிறகு ஒரு பெட்டியில் கண்ணாடியை நிறுத்தினார். நல்ல கையை அதன் முன் அசைத்தால், இழந்த கையே அசைவது போலத் தெரியும். சிலருக்கு மடங்கிய விரல் விரிந்தது, வலி தணிந்தது. எல்லாருக்கும் பலித்தது என்று சொல்ல முடியாது. அவர் வசதியான குடும்பத்துப் பிள்ளைதான். ஆனாலும் அங்கே வேலை செய்தவை பஞ்சு, பெட்டி, கண்ணாடி, ஒரு நல்ல கேள்வி. இவற்றில் எது நம் லயத்தில் இல்லை?

மாணவர்களே, இந்தப் படிப்புக்கு வழி இதுதான். நான்காம் படிவத்தில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கூடுதல் கணிதம் எடுங்கள். எஸ்.பி.எம். முடித்து மெட்ரிகுலேஷன் அல்லது எஸ்.டி.பி.எம். போங்கள். மலாயாப் பல்கலைக்கழகம் உண்டு. கிளந்தான் குபாங் கிரியானில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகத்தில் நரம்பியல் துறை உண்டு. பணத்துக்கு பி.டி.பி.டி.என். கடனுதவி உண்டு. கடன் என்பதால் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

மொழிக்குப் பயப்படாதீர்கள். தமிழில் நரம்பு, மலாயில் சாராஃப், ஆங்கிலத்தில் நெர்வ். ஒரு பொருளுக்கு மூன்று சொல்லையும் இன்றே நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

பெற்றோர்களே, வேலை முடிந்து களைத்து வருகிறீர்கள். பிள்ளை "ஏம்பா?" என்று கேட்டால் "சும்மா இரு" என்று வாய் வந்துவிடும். பதில் தெரியாவிட்டால் பரவாயில்லை. "நாளைக்கு வாத்தியாரைக் கேள்" என்று அனுப்பி வையுங்கள். "அறிவியல் கஷ்டம், நமக்கு வேண்டாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நான்காம் படிவத்தில் அந்தக் கதவைச் சாத்திவிட்டால் மறுபடி திறப்பது சிரமம். மகனானாலும் மகளானாலும் கேட்கட்டும், படிக்கட்டும்.