நோவில்லாத குறை
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



சிறுவயதில் நான் வகுப்பிலே கடைசி வாங்கில் இருப்பவன். கரும்பலகையில் உள்ளதைப் பிழையாக எழுதி அடி வாங்குவேன். மந்தன் என்றார்கள்; நானும் நம்பினேன். ஒருநாள் பாடசாலைக்கு வந்த வைத்தியர், தூரத்தில் மாட்டிய எழுத்து அட்டையை வாசிக்கச் சொன்னார். மூன்றாம் வரிக்குக் கீழே எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குறை புத்தியிலன்று, கண்ணிலே என்பது அன்றுதான் வெளியாயிற்று. நோவு இருந்திருந்தால் பெற்றோர் அன்றே கொண்டு ஓடியிருப்பார்கள். நோவில்லாத குறையை யார் தேடுவார்?

அதைத் தேடுவதற்கே பரிசோதனை. மலேரியா கொள்ளைகொண்ட 1935ஆம் ஆண்டில், இலங்கையிற் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 ஒரு வயது காணாமல் மாண்டன. இன்று அத்தொகை பத்துக்கும் குறைவு. மருந்து மாத்திரம் இதைச் செய்யவில்லை. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பகுதி முறை, நோயாளி வருமட்டும் காத்திராமல் வீடு தேடிப் போகும் வழியை நாட்டுக்குக் காட்டியது. தவறாத தடுப்பு மருந்தினால் 1993க்குப் பின் இளம்பிள்ளைவாதம் இங்கே எந்தப் பிள்ளையையும் முடமாக்கவில்லை.

இன்று குடும்பநல உத்தியோகத்தர் நம் படலையடிக்கே வருகிறார். கிளினிக்கில் பிள்ளையை நிறுத்துப் பதிவேட்டிற் கோடு கீறுகிறார்கள். ஒருநாள் நிறையைவிட, அந்தக் கோடு மாதத்துக்கு மாதம் ஏறுகிறதா என்பதே முக்கியம். அது ஏறாமற் படுத்தால், பிள்ளை சிரித்து விளையாடினாலும் காரணம் தேடவேண்டும். பாடசாலையில் 1, 4, 7, 10ஆம் வகுப்புகளிலே வைத்தியர் பார்க்கிறார்.

ஆனால் நாம் என்ன சொல்கிறோம்? "ஓடித்திரிகிற பிள்ளைக்கு என்ன வருத்தம்?" என்கிறோம். நிறுத்தால் நாவூறு படும் என்று அஞ்சுகிறோம். பெண்பிள்ளைக்குக் கண்ணாடி வேண்டுமென்று வைத்தியர் எழுதிய துண்டை, நாளைக்குக் கலியாணம் தடைப்படுமென்று பெட்டிக்குள் ஒளிக்கிறோம். அந்தப் பிள்ளை பத்து வருடம் மங்கலாகப் படிக்கிறாளே, அதை யார் ஈடுசெய்வது?

பயிரில் பூச்சி விழுமுன் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கும் கமக்காரர் நாம். பிள்ளைக்கும் அதுவே முறை. தகப்பன்மாரே, கிளினிக் தாய்மாரின் வேலை மாத்திரமென்று ஒதுங்காதீர்கள். வாலிபர்களே, உங்கள் ஒழுங்கையில் எந்தப் பிள்ளை நாள் தவறியதென்று விசாரியுங்கள்; தாய்க்கு வசதியில்லையேல் நீங்களே கூட்டிப்போங்கள். மந்தனென்று பெயரெடுத்த பிள்ளை ஒன்றையாவது முதலில் கண் பார்க்க அனுப்புங்கள்.