சான்று கேட்கும் கணினிகள்

நுவரெலியா, ஹற்றன் தோட்டப் பகுதி மக்களுக்குச் சான்றிதழின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தை அல்லது தந்தைவழி முன்னோர் பிறந்த இடத்துக்கு ஆதாரம் கேட்டது. அந்நிபந்தனைக்கு உட்படாமலும், உட்பட்டதை நிறுவப் பத்திரமின்றியும் இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர் நாடற்றோராயினர். "நீ யார்? உனக்குச் சாட்சி யார்?" என்னும் அதே வினாவை இன்று கணினிகள் ஒன்றையொன்று கேட்கின்றன.

பெரிய நிறுவனங்களில் பல கணினிகள் கூட்டமாகச் சேர்ந்து வேலை செய்கின்றன. மென்பொருள் ஒவ்வொன்றும் தனக்கு வேண்டியவற்றோடு ஒரு பொதியாகக் கட்டப்படுகிறது. அதற்குக் கொள்கலன் என்று பெயர். பொதிகளை ஏற்று நடத்தும் கணினி கணு எனப்படும். எப்பொதி எக்கணுவுக்கு என்பதைத் தலைமை நிலையம் தீர்மானிக்கும். கூகிள் நிறுவனம் 2014இல் வெளியிட்ட குபர்நெட்டிஸ் இவ்வாறு கூட்டங்களை நடத்தும் மென்பொருளாகும்.

புதிய கணினி ஒன்று வந்து, தானும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததென்று சொன்னால் நம்பலாமா? நம்பினால், கணுவின் வேடத்தில் கள்வன் புகுந்து இரகசியங்களைக் கவர்ந்து செல்வான். ஆதலால் அக்கணினி முதலில் இரண்டு திறவுகோல்களை ஆக்கிக்கொள்கிறது. ஒன்று இரகசியமானது, அது கணுவை விட்டு வெளியேறுவதில்லை. மற்றது பகிரங்கமானது. பகிரங்கத் திறவுகோலோடு தன் பெயரையும் சேர்த்து அது விண்ணப்பிக்கிறது. விண்ணப்பிப்பதற்கே ஓர் அனுமதிச் சீட்டு வேண்டும். பலரும் கையாளும் முறையில் அச்சீட்டு 24 மணி நேரமே செல்லும். விண்ணப்பம் ஏற்கப்பட்டால், சான்றளிக்கும் பீடம் ஒப்பமிட்டுச் சான்றிதழை வழங்குகிறது.

சான்றிதழைப் பிறர் பிரதி செய்தாலும் பயனில்லை. இரகசியத் திறவுகோலும் கையிலுண்டென்று ஒவ்வொரு முறையும் நிரூபிக்க வேண்டும். தலைமை நிலையமும் தன் சான்றிதழைக் கணுவுக்குக் காட்டியாக வேண்டும். உள்ளே வந்த கணுவுக்கும் எல்லை உண்டு. தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட பொதிகளுக்குரிய இரகசியங்களையன்றி வேறெதையும் அது காண இயலாதவாறு விதி செய்யலாம். ஒரு கணு கள்வர் வசப்பட்டாலும் கூட்டம் முழுவதும் அழியாதிருப்பதற்கு இதுவே காப்பு.

சான்றிதழ் பெரும்பாலும் ஓராண்டுக்கே செல்லும். தவணை கடந்தால், குற்றமற்ற கணுவும் வாயிலில் நிறுத்தப்படும், வேலை தடைப்படும். எனவே தவணைக்கு முன்னரே தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு அவசியமாகும். கேட்பதில் கண்டிப்பு எவ்வளவு வேண்டுமோ, வழங்குவதில் ஒழுங்கும் அவ்வளவு வேண்டும்.

சான்றில்லாத இயந்திரத்தை மறுப்பது நியாயமே. அதனிடத்தில் வேறொன்றை வைக்கலாம். மனிதரை அவ்வாறு செய்தலாகாது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரையும் அவர்தம் சந்ததியினரையும் பிரஜைகளாக ஏற்றது. பாட்டனின் பிறப்பிடத்தைக் கேட்ட நாடு, அவர்கள் இங்கே வாழ்ந்த வாழ்க்கையையே சாட்சியாகக் கொள்ள ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.