ஏல் விருந்தும் ஊரறமும்



திருக்குறளின் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. அதைப் பயின்று வளர்ந்தோர் நிறைந்த அவையில், பீர் விழா நடத்தி அறப்பணிக்குப் பொருள் திரட்டுவோரைப் பற்றிப் பேசுவது சிலருக்கு முரணாகத் தோன்றலாம். ஆயினும் இங்கிலாந்தின் ஊர்கள் பலவற்றில் ஆண்டுதோறும் இத்தகைய விழாக்கள் நடைபெறுகின்றன. ஊரார் ஊதியம் பெறாமல் உழைக்கின்றனர். செலவு போக எஞ்சும் தொகையை உள்ளூர் அறப்பணிகளுக்கு வழங்குகின்றனர். இதன் வேர் ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையது. இவ்வழக்கம் எவ்வாறு வாழ்ந்தது, எதனால் எதிர்ப்புக்கு உள்ளாயிற்று, அது நின்றபோது ஊர் எதனை இழந்தது என்னும் மூன்று வினாக்களும் ஆராயத்தக்கவை. அவற்றின் விடை, பிறர்க்கெனப் பொருள் திரட்டும் எவ்வமைப்புக்கும் பயன்படுவதாகும்.

சொல்லும் பொருளும்

முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, நொதிக்கவிட்டுப் பெறும் பானம் ஏல் எனப்பட்டது. பழைய ஆங்கிலத்தில் அச்சொல் பானத்தை மட்டுமன்றி அதனை மையமாகக் கொண்ட விருந்தையும் குறித்தது. திருமணம் தொடர்பானவற்றைச் சுட்ட இன்று வழங்கும் ‘பிரைடல்’ என்னும் ஆங்கிலச் சொல், மணமகளைக் குறிக்கும் சொல்லும் ஏலும் இணைந்து பிறந்ததே. மணவிருந்து என்பதே அதன் முதற்பொருள். நலிவுற்ற ஒருவன் தன் இல்லத்தில் ஏல் காய்ச்சி அயலாரை அழைப்பான்; வந்தோர் பானத்துக்குரிய விலை என்னும் பெயரால் அவனுக்கு உதவிப்பணம் தந்து செல்வர். இது ‘பிட் ஏல்’ எனப்பட்டது. அழைப்பு விருந்து எனலாம். இரந்து நிற்கவேண்டியவன் விருந்தோம்புபவனாக நின்று உதவி பெற்றான் என்பது இங்கு ஊன்றி நோக்கத்தக்கது.

இவ்வகையில் பெரியது ‘சர்ச் ஏல்’ என்னும் கோயில் விருந்து. ஒரு கோயிலைச் சார்ந்த ஊர்ப்பகுதியைத் தமிழ்க் கத்தோலிக்கர் பங்கு என்பர். கூறு, உரிமை என்னும் பொருள்களையும் தரும் அச்சொல், இவ்விருந்தின் இயல்பை விளக்க மிகவும் பொருந்துவதாகும்.

விருந்து நடந்த முறை

15, 16ஆம் நூற்றாண்டுகளில், சிறப்பாகத் தென்மேற்கு இங்கிலாந்தில், ஊரார் தெரிந்தெடுத்த கோயிற் பொறுப்பாளர்கள் முளைத்த பார்லியை நன்கொடையாகவும் விலைக்கும் பெற்றனர். ஏல் காய்ச்சும் நாளும் விருந்து நாளும் குறிக்கப்பட்டன. பெந்தெகொஸ்தே திருநாளையொட்டிய கோடைத் தொடக்கமே பெரும்பாலும் அதற்குரிய காலம். அப்பமும் இறைச்சியும் பரிமாறப்பட்டன. ஆடலும் பாடலும் நிகழ்ந்தன. சில ஊர்களில் இராபின் ஹுட் வேடம் புனைந்தோர் காசு திரட்டினர். அண்டை ஊரார் வந்து உண்டு பணம் தருவர். அவர்கள் விருந்து நடத்தும்போது இவ்வூரார் சென்று அக்கடனைத் தீர்ப்பர். திரண்ட பொருளால் கூரை வேயப்பட்டது, மணி வார்க்கப்பட்டது, ஏழையர்க்கு உதவி கிட்டியது.

இதற்கெனவே பல பங்குகள் கோயிலருகே தனி மனை எழுப்பின. சாமர்செட் பகுதியைச் சேர்ந்த குரோகோம் என்னும் ஊரில் 1515இல் கட்டப்பட்ட கோயில் மனை இன்றும் ஊர்ப் பொதுக்கூடமாகப் பயன்பட்டு வருகிறது.

இவ்விருந்தின் பொதுமைக்குப் பானத்தின் இயல்பும் ஒரு காரணமாகும். பானத்தைக் கெடாமற் காக்கும் ஹாப்ஸ் என்னும் பூக்கொத்தைச் சேர்க்கும் முறை, 15ஆம் நூற்றாண்டில்தான் நெதர்லாந்துப் பகுதிகளிலிருந்து வந்து இங்கிலாந்தில் பரவத் தொடங்கியது. அது சேராத பழைய ஏல் சில நாள்களிலேயே புளித்துவிடும். ஆகவே பெருமளவில் காய்ச்சியவர் அதனைப் பதுக்கி வைக்க இயலாது. ஊரைக் கூட்டியே ஆகவேண்டும்.

மோர்பாத் ஊரின் கணக்கேடு

டெவன் பகுதியில் ஏறத்தாழ முப்பது குடும்பங்களே வாழ்ந்த மோர்பாத் என்னும் ஊர் இதற்குச் சிறந்த சான்று. அங்கு 1520இல் குருவாக வந்த கிறிஸ்டோபர் டிரிக்கே, 1574இல் மறையும் வரை 54 ஆண்டுகள் பணியாற்றினார். பங்கின் வரவு செலவுகளை அவர் தம் கையாலேயே எழுதி, ஊரார் முன்னிலையில் படித்துக் காட்டினார். பங்குக்கென வளர்த்த ஆடுகளின் கம்பளியும் ஏல் விருந்தின் வருவாயும் அவ்வேட்டில் இடம்பெறுகின்றன. எவர் பொறுப்பேற்றார், எவ்வளவு கிடைத்தது, எதற்குச் செலவாயிற்று என்பவற்றை எழுத்தறியாதவரும் செவியால் அறிந்தனர். வரலாற்றறிஞர் ஈமன் டஃபி 2001இல் வெளியிட்ட நூல் இவ்வேட்டை உலகறியச் செய்தது.

1547இல் ஆறாம் எட்வர்டு அரியணை ஏறியபின் சமயச் சீர்திருத்தம் விரைவு பெற்றது. ஏல் விருந்துகள் தடுக்கப்பட்டன. பங்கின் ஆட்டு நிதிகளும் கலைக்கப்பட்டன. சில ஆண்டுகளிலேயே மோர்பாத் கடனில் ஆழ்ந்தது. கோயிலுக்குச் சேர்வது ஒன்றுமில்லை, கோயிலிலிருந்து போவதே எல்லாம் என்னும் கருத்துப்பட அம்முதிய குரு வருந்தி எழுதியுள்ளார். மேரி அரசியின் ஆட்சியில் விருந்து மீண்டது. எனினும் பழைய உறுதி நாடெங்கும் மீளவில்லை.

எதிர்ப்பின் நியாயம்

எதிர்த்தோரை மகிழ்ச்சிக்குப் பகைவர் என்று ஒதுக்கிவிடுதல் முறையன்று. பிலிப் ஸ்டப்ஸ் 1583இல் வெளியிட்ட ‘அனாட்டமி ஆஃப் அப்யூசஸ்’ என்னும் நூலில், மிகுதியாகக் குடிப்பவனே மிகுந்த பக்தன் என மதிக்கப்படும் இழிநிலையைச் சாடினார். குடிவெறி, பூசல், ஒழுக்கக்கேடு ஆகியவற்றை நடுவர்களும் எடுத்துக்காட்டினர். 1630களின் தொடக்கத்தில் தலைமை நீதிபதி ரிச்சர்ட்சன் சாமர்செட்டில் இவ்விருந்துகளைத் தடுக்க முற்பட்டபோது, பேராயர் லாடு வெகுண்டார். ஆயர் பியர்ஸ் தம் மறைமாவட்டக் குருமார் 72 பேரிடம் கருத்துத் திரட்டி, விருந்துகளால் கோயில்கள் பேணப்பட்டன, ஏழையர் உதவி பெற்றனர், அயலார் பகை தீர்ந்தது என்று அறிக்கை அனுப்பினார். இரு தரப்பும் கண்ட உண்மை ஒரே விருந்தின் இரு முகங்களாகும்.

இதற்கிடையே ஏழையர் காப்புக்கான சட்டங்கள் 1598இலும் 1601இலும் உறுதிபெற்றன. ஒவ்வொரு பங்கும் வரி தண்டி வறியோரைக் காக்கவேண்டியதாயிற்று. இது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. மழை பெய்தால் விருந்து கெடும், வரி கெடாது. பசித்தவன் ஊராரின் மனநிலையை நம்பி நிற்க வேண்டியதில்லை.

ஆயினும் ஓர் இழப்பும் உடன் நேர்ந்தது. 1697ஆம் ஆண்டுச் சட்டம், பங்கின் உதவி பெறுவோர் வறியவர் என்பதைச் சுட்டும் எழுத்தையும் பங்கின் முதலெழுத்தையும் சிவப்பு அல்லது நீலத் துணியில் வெட்டி வலத்தோளில் அணியவேண்டும் என்று விதித்தது. தன் வாசலில் விருந்து வைத்து உதவி பெற்றவனின் வழித்தோன்றல், தோளில் அடையாளம் தைத்துக்கொண்டு உதவி பெற நின்றான். உதவி உறுதியாயிற்று, மதிப்புக் குன்றிற்று.

இன்றைய விழா

இங்கிலாந்தில் மரபுவழிப் பீரைக் காக்கும் நோக்குடன் ‘கேம்ரா’ என்னும் இயக்கம் 1971இல் தோன்றியது. அது 1975இல் லண்டன் கோவென்ட் கார்டனில் நடத்திய விழா, பிற்கால விழாக்களுக்கு முன்மாதிரியாயிற்று. அம்முறையைப் பின்பற்றிச் சமூக மன்றங்களும் ஊர்க்குழுக்களும் தத்தம் ஊர்க்கூடங்களில் விழா எடுக்கின்றன.

ஏற்பாட்டின் நுணுக்கங்கள் கருதத்தக்கவை. 2003ஆம் ஆண்டு உரிமச் சட்டப்படி, 499 பேருக்கு மேற்படாத தற்காலிக நிகழ்ச்சிக்குப் பொதுவாகப் பத்து வேலை நாள்களுக்கு முன்னரே உள்ளாட்சிக்கு அறிவிப்புத் தரவேண்டும். அந்த எண்ணிக்கையில் பணியாற்றுவோரும் அடங்குவர். ஃபர்கின் என்னும் சிறு பீப்பாய் 9 காலன், அதாவது 72 பைண்ட் கொள்ளும். பீப்பாய்களை முன்கூட்டியே தாங்கிகளில் கிடத்தி, வண்டல் படியவிட்டுக் குளிர்ச்சியாக வைத்தல் வேண்டும். திறந்த பீப்பாய் ஏறத்தாழ மூன்று நாள்களே சுவை குன்றாதிருக்கும். விற்காது எஞ்சுவது இழப்பே. எனவே வருவோர் எத்தனை பேர் என்று மதிப்பிடுவதே குழுவின் முதற்கவலை. உள்ளூர் வணிகர் பீப்பாய்க்கு ஒருவராகச் செலவேற்றுத் துணை நிற்பதும் உண்டு. பலவகைப் பானங்களைச் சுவைக்க வருவோர்க்கென மூன்றில் ஒரு பைண்ட் என்னும் சிற்றளவுக்கும் சட்டத்தில் இடமுண்டு. அளவைச் சிறிதாக்கும் குழு, வருவாயில் சிறிது இழந்தேனும் வருவோரின் நலத்தைக் காக்கிறது.

அளவுகோல்

இனி, வள்ளுவர் வழியில் எழும் வினாவைத் தவிர்த்தல் இயலாது. நன்னோக்கம் கள்ளின் தீமையைப் போக்கிவிடுமா? போக்காது. ஒருவன் தன் மனைவி மக்களின் உணவுக்குரிய பணத்தைக் குடித்து, அந்தப் பணம் அறநிலைக்குச் சென்றால், ஒரு வீட்டின் அடுப்பை அணைத்து மற்றொரு வீட்டின் அடுப்பை மூட்டியதாகவே முடியும். எவ்வளவு திரண்டது என்பதற்கு முன், எவர் இல்லத்திலிருந்து திரண்டது என்று கேட்கும் குழுவே அறக்குழுவாகும்.

எனினும் பானம் தீது என்பதனால் விருந்தில் இருந்த நன்மைகளையும் தள்ளிவிடலாகாது. மோர்பாத் ஊரைத் தாங்கியது ஏல் மட்டுமன்று. கூடி உழைத்த உழைப்பும், அயலூர்க்குச் சென்று கடன் தீர்த்த நேர்மையும், அனைவரும் கேட்கப் படிக்கப்பட்ட கணக்கும் அதனைத் தாங்கின. பானத்தை நீக்கியவர்கள் அதன் இடத்தில் வேறொரு பொதுப்பந்தியை அமைக்கவில்லை. அதுவே அவர்கள் செய்த பிழை. மோரோ பானகமோ வைத்துக்கூட அப்பந்தியை நடத்தலாம். உதவி பெறுவோனும் அதில் ஓரிடத்தில் அமர்ந்திருக்கவேண்டும். அவன் தோளில் அடையாளம் இருத்தலாகாது.

ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டு வாழ்வதும் இவ்வாறே. நாற்காலி அடுக்கியோரும் சந்தா தண்டியோரும் வரவு செலவைக் கூட்டத்தில் படித்தோரும் இல்லையேல் உரைகளுக்கு அரங்கில்லை. அக்கணக்கேட்டை எழுதிய கைகளுக்கும் இந்த மலரில் உரிய இடம் உண்டு.