விலக்கப்பட்டவர் திரும்பி வந்தால்

மூணாறிலோ நெல்லியாம்பதியிலோ கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு இந்தப் பயம் புரியும். தொந்தரவு செய்து விலக்கப்பட்ட மேலாள் திரும்பி வந்தால் என்ன செய்வது?

டில்லியில் நடந்ததைக் கேளுங்கள். 1988 ஆகஸ்டு மாதம். ஆடை ஏற்றுமதிக் கழகத்தில் தட்டச்சு வேலை பார்த்த பெண்ணிடம் மேலதிகாரி ஒருவர் முறைகேடாக நடந்தார். நான்கே நாளில் அந்தப் பெண் புகார் எழுதிக் கொடுத்தார். விசாரணை நடந்தது. 1989இல் அதிகாரிக்கு வேலை போயிற்று.

அவர் கோர்ட்டுக்குப் போனார். முயற்சி செய்தாரே தவிர வேறொன்றும் நடக்கவில்லை என்றது உயர் நீதிமன்றம். திரும்ப வேலை கொடுக்கவும் சொன்னது. முயற்சி மட்டும் சிறிய காரியமா? 1999 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. வேலைநீக்கம் நிலைத்தது.

இன்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு வேண்டும். சிறிய தோட்டமானால் மாவட்டக் குழுவிடம் போகலாம். திரும்பி வந்தவர் மறுபடி வாலாட்டினால் அது புதிய குற்றம். மூன்று மாதத்துக்குள் புகார் கொடுங்கள். எழுத வராதா? எழுத உதவுவது குழுவின் கடமை. விசாரணை முடியும்வரை அவரை வேறு இடத்துக்கு மாற்றும்படி கேட்கலாம். பழைய புகாரின் நகலைப் பெட்டியில் பத்திரமாக வையுங்கள்.