கருந்துளையின் நாதம்



எங்கள் பாடசாலை மாணவி ஒருத்தி ஒருநாள், "கருந்துளை விண்மீன்களையெல்லாம் விழுங்கிவிடுமா, சேர்?" என்று வினவினாள். கலைப் பட்டதாரியாகிய நான், "ஆம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பின்னர் நூல்களைப் புரட்டியபோதுதான் என் விடை பிழையென அறிந்தேன்.

வன்னியில் இருள் இன்னும் இருளாகவே உள்ள ஊர்கள் பல. மழை ஓய்ந்து வானம் வெளித்த மார்கழி இரவொன்றில், கார்த்திகை மீன்களுக்குச் சற்று வடக்கே நோக்குங்கள். கண்ணுக்குப் புலப்படாதெனினும், அத்திசையில் ஏறத்தாழ 24 கோடி ஒளியாண்டுத் தொலைவில் பெர்சியஸ் கொத்து என்னும் விண்மீன் மண்டலங்களின் பெருங்கூட்டம் உண்டு. அம்மண்டலங்களுக்கிடையே கோடிக்கணக்கான பாகை வெப்பமுள்ள வாயு நிறைந்துள்ளது.

விண்மீன் பிறக்க வேண்டுமாயின் வாயு குளிர்ந்து திரளவேண்டும். பங்குனி வெயிலில் காற்றிலே நீராவி நிறைந்திருந்தும் மழை இறங்காததை நம் கமக்காரர் அறிவர், அதுபோன்றதே இதுவும். பெர்சியஸ் வாயு எக்ஸ் கதிர்களாக வெப்பத்தை இழந்துகொண்டேயிருக்கிறது. கணக்கின்படி, அது குளிர்ந்து நடுமண்டலத்தில் விழுந்து, ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான ஞாயிறுகளுக்கு ஒப்பான விண்மீன்களை ஈனவேண்டும். ஈனுவதோ அதில் ஒரு சிறு பங்கே.

காரணத்தைக் காட்டியது, 1999இல் விண்ணுக்கு ஏவப்பட்ட சந்திரா தொலைகாட்டி. அப்பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகருடையது. லாகூரில் 1910இல் பிறந்து, சென்னையிற் கற்ற தமிழர் அவர். 1930இல் இங்கிலாந்து செல்லும் கப்பலிலேயே, முதிர்ந்த விண்மீனின் எடைக்கு ஓர் எல்லை உண்டெனக் கணித்தார். கப்பலிற் படுத்துறங்கவே நம்மிற் பலருக்கு இயலாது!

அத்தொலைகாட்டியின் படங்களில், நடுவிலுள்ள கருந்துளை தன்பால் விழும் பொருளின் ஒரு பகுதியைத் தாரைகளாக வெளியே வீசி, வாயுவிற் பெருங்குமிழிகளை ஊதியிருப்பது தெரிந்தது. அவற்றைச் சூழ அலைகள். அவை ஒலியலைகளே என்று 2003இல் அறிவித்தனர். பியானோவின் நடுச் சுரத்துக்கு 57 ஸ்தாயி கீழான நாதம். ஓரலை கடக்க ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு. நாசா நிறுவனம் 2022இல் அதனை நம் செவிக்கு எட்டுமாறு உயர்த்தி வெளியிட்டது. வாயுவைச் சூடாக்குவது இவ்வலையே என்பர் சிலர். வாயுவின் கொந்தளிப்பு என்பர் வேறு சிலர். இரண்டையும் எழுப்புவது கருந்துளைதான்.

எங்கும் இப்படியே என்றும் சொல்வதற்கில்லை. மின்கோவ்ஸ்கியின் பொருள் எனப்படும் இடத்தில், அத்தகைய தாரை ஒன்று மோதியதனாலேயே விண்மீன்கள் பிறந்துள்ளன. நம் பால்வீதியின் நடுவிலும் 40 இலட்சம் ஞாயிறுகளின் எடையுள்ள கருந்துளை ஒன்று உண்டு. அது இப்போது அமைதியாக இருக்கிறது.

அம்மாணவி இவ்வொலிபரப்பைக் கேட்டுக்கொண்டிருப்பாளாயின், அன்று நான் சொன்ன விடையைத் திருத்திக்கொள்ளட்டும்.